நாலு இடத்தில் கேட்டால் கிறிப் கெடுமா?

களுதாவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெற்றிலையும் மரக்கறியும் ஏற்ற ஒரு பழைய பட்டா (சின்ன லொறி) வாங்கலாம் என்று நினைத்து, சித்திரைக்குப் பிறகு நாலு லீசிங் கம்பனிகளில் விசாரித்தாராம். நாலு பேரும் அடையாள அட்டைக் கொப்பியை வாங்கிக்கொண்டார்கள், ஒருவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அதற்குள் லண்டனில் இருக்கும் அக்கா போனில் பிடித்து, “உனக்கென்ன விசரா? கேட்கக் கேட்க புள்ளி இறங்கும். ஆறு மாசத்துக்கு ஒரு இடத்துக்கும் போகாத” என்று ஏசியிருக்கிறா. இப்போது அவருக்கு மூன்று கேள்வி. அக்கா சொல்வது சரியா? கிறிப், அதாவது கடன் தகவல் அறிக்கை, கெட்டுவிட்டதா? மனைவியின் பெயரில் திரும்பப் போடலாமா?

மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலுமாக இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் மேசைக்குப் பின்னால் இருந்தவன் நான். தம்பி, அக்கா சொல்வது அவ இருக்கும் ஊருக்குப் பெரும்பாலும் சரி. நமது ஊருக்கு அதில் கொஞ்சம்தான் பொருந்தும். நாலு இடத்தில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்ததால் உங்கள் கிறிப் கெட்டுப்போகாது. ஆனால் அப்படிப் பார்த்ததாக விழும் நாலு பதிவையும் அடுத்த கடன் உத்தியோகத்தர் பார்ப்பார், பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் விசயம்.

முதலில் கிறிப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்மாட்கள் அதை ஏதோ பொலிஸ் பதிவு மாதிரி நினைக்கிறார்கள். அதன் முழுப் பெயர் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதில் பங்குதாரர்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் கணக்கை அங்கே அனுப்பும். நீங்கள் புதிதாகக் கடன் கேட்டால், கேட்ட இடம் அங்கிருந்து உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்.

“கிறிப்ல பேர் விழுந்திட்டு” என்று சந்தையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு தவணையும் பிந்தாமல் கட்டியவரின் பெயரும் கிறிப்பில் இருக்கும். கடன் எடுத்தவர் எல்லாருடைய பெயரும் இருக்கும். அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கடன் கொடு, கொடுக்காதே என்று கிறிப் யாருக்கும் சொல்வதும் இல்லை, அந்த முடிவை எடுப்பது கிளையில் இருக்கும் எங்களைப் போன்ற ஆட்கள். கொரோனாக் காலத்தில் சலுகைக் கடன்களைக் கொடுக்கும்போது, கிறிப் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ள வேண்டாம் என்று மத்திய வங்கியே வங்கிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அந்த அளவுக்கு நம்மவர் சிலர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான்.

அறிக்கையில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் முதலில் வரும். பிறகு எந்தெந்தக் கடன் இருக்கிறது, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் பிந்தியிருக்கிறது, மாதவாரியாக எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பது. நீங்கள் பிணை நின்ற கடன்கள் தனியாக. திரும்பிய காசோலைகள் இருந்தால் அதுவும். கடைசியில்தான் நீங்கள் பயப்படும் பகுதி: அண்மையில் யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள், என்ன தேதியில், என்ன காரணத்துக்கு. இப்போது இதோடு ஒரு புள்ளியும் வருகிறது. 250க்கும் 900க்கும் இடையில் ஒரு எண். கூடினால் நல்லது.

அந்தக் காரணம் என்ற நிரலைக் கவனியுங்கள். பார்வை எல்லாம் ஒரே பார்வை இல்லை. புதுக் கடனுக்காகப் பார்த்தது ஒன்று. ஏற்கெனவே உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி, தன் வாடிக்கையாளர் எப்படி இருக்கிறார் என்று பார்த்தது இன்னொன்று. நடைமுறைக் கணக்குத் திறக்கப் போனபோது பார்த்தது, வேறொருவருக்குப் பிணை நிற்கப் போனபோது பார்த்தது, இப்படியும் வரும். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்தால் அதற்கும் ஒரு தடம் இருக்கும், ஆனால் அதை வைத்து யாரும் உங்களைக் குறைவாக எடைபோட மாட்டார்கள். எங்களுக்குக் கண்ணில் படுவது முதல் வகை மட்டும்: புதுக் கடன் கேட்டு, கிட்டக் கிட்டத் தேதிகளில், பல இடங்களில்.

அது ஏன் கண்ணில் படுகிறது? மூன்று விதமாக யோசிப்போம். இவர் எல்லா இடத்திலும் கேட்டு எல்லாரும் தள்ளிவிட்டார்களா? அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையா? இல்லாவிட்டால், ஏதோ அவசரத்தில் கிடைக்கிற இடமெல்லாம் ஓடுகிறாரா? மூன்றாவதுதான் எங்களுக்கு உண்மையில் பயம். இவர் ஏற்கெனவே வேறு இடத்தில் கடனை எடுத்துவிட்டார், அது இன்னும் அறிக்கையில் ஏறவில்லை. நிறுவனங்கள் கணக்கை மாதாமாதம்தான் ஏற்றும். போன கிழமை எடுத்த கடன் இன்றைய அறிக்கையில் இருக்காது. விசாரித்த தடம் மட்டும் இருக்கும். அடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் புகையை மட்டும் பார்ப்பது போல.

எனக்கு நடந்த இரண்டைச் சொல்கிறேன். படுவான்கரையில் இருந்து ஒரு விவசாயி உழவு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வந்தார். மூன்று கிழமைக்குள் ஏழு இடத்தில் பார்த்திருந்தார்கள். முகாமையாளர் அந்தப் பக்கத்தைக் கண்டதும் கோப்பைத் தள்ளி வைத்துவிட்டார். நான் ஆளைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டேன். அவர் ஏழு இடத்துக்குப் போகவே இல்லை. போனது ஒரே ஒரு வாகன விற்பனைக் கடைக்கு. அங்கே இருந்த புரோக்கர் அடையாள அட்டையைப் படமெடுத்து, தனக்குத் தெரிந்த ஏழு லீசிங் உத்தியோகத்தர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். யார் முதலில் சரி சொல்கிறார்களோ அவரிடம் கொமிசன். ஏழு பேரும் அறிக்கை எடுத்திருக்கிறார்கள். விவசாயிக்கு ஏழு என்ற கணக்கே தெரியாது. விற்பனைக் கடையின் விலைத் துண்டும் தேதிகளும் பொருந்தின. நெல் விற்ற சிட்டைகளைக் கொண்டு வந்தார், கடன் போனது, கடைசித் தவணை வரை கட்டியும் முடித்தார்.

மற்றவர் ஒரு அரச உத்தியோகத்தர். விசாரித்த தடம் இரண்டே இரண்டு. பழைய கடன் எல்லாம் வெள்ளைத் தாள் மாதிரி சுத்தம். நானும் அதிகம் கேட்காமல் சிபாரிசு செய்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த இரண்டு இடத்திலும் கடன் கிடைத்திருக்கிறது, எங்களுடையது மூன்றாவது. மனிதருக்குச் சம்பளத்தில் மிஞ்சுவது பஸ் காசு மட்டும். அதற்குப் பிறகு நான் எண்ணிக்கையை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடத்துக்கும் என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினேன்.

ஆகவே உங்கள் நாலு தடம் எனக்கு நாலு கேள்வி, அவ்வளவுதான். ஒரே வாகனம், ஒரே காலம், நாலு இடத்தில் விலை கேட்டேன், ஒன்றும் எடுக்கவில்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புள்ளியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலான புள்ளி முறைகளில் அண்மைய விண்ணப்பங்களுக்கு ஒரு சிறு பங்குதான் கொடுப்பார்கள். பெரிய பங்கு நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதற்கும், இப்போது தலையில் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதற்கும்.

இனி அக்காவின் ஊருக்கு வருவோம். எனது மருமகன் ஒருவனும் அங்கே இருப்பதால் இதைப் பல தடவை பேசியிருக்கிறோம்.

பிரித்தானியாவில் கிறிப் மாதிரி ஒன்றல்ல, எக்ஸ்பீரியன், ஈக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று தனியார் நிறுவனங்கள். மூன்றும் தனித்தனியாகக் கோப்பு வைத்திருக்கும், தனித்தனி அளவுகோலில் புள்ளி போடும். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று புள்ளி. கடன் கொடுக்கும் வங்கி அந்தப் புள்ளியைப் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. கோப்பில் உள்ள விபரத்தை எடுத்துத் தன்னுடைய கணக்கில் தானே புள்ளி போட்டுக்கொள்ளும்.

அங்கே பார்வை இரண்டு வகை. கடுந்தேடல், மென்தேடல் என்று தமிழில் வைத்துக்கொள்வோம். கடனட்டைக்கோ வீட்டுக் கடனுக்கோ மாதக் கட்டண போன் ஒப்பந்தத்துக்கோ முழுதாக விண்ணப்பித்தால் விழுவது கடுந்தேடல். மற்றக் கடன்காரர்களும் அதைப் பார்க்கலாம். குறைந்தது ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடம் வரை கோப்பில் நிற்கும். ஒன்று இரண்டு இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் ஐந்தாறு விழுந்தால் ஆள் கஷ்டத்தில் இருக்கிறார் என்று இயந்திரம் முடிவு கட்டும். அங்கே கோப்பைப் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம்தான் என்பதை மறக்கக் கூடாது. என்னைப் போல ஒருவர் கூப்பிட்டு “என்ன தம்பி, என்ன நடந்தது?” என்று கேட்க மாட்டார். அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மென்தேடல் என்பது நீங்களே உங்கள் கோப்பைப் பார்ப்பது, காப்புறுதி விலை கேட்பது, உங்களுக்கு இந்த அட்டை கிடைக்குமா என்று முன்கூட்டிப் பார்ப்பது போன்றவை. அது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், புள்ளியில் கை வைக்காது. அங்கே கெட்டிக்காரர்கள் முதலில் இந்த முன்பார்வையைச் செய்துவிட்டு, கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் முழு விண்ணப்பம் போடுவார்கள். நமது ஊரில் இப்படி ஒரு வசதி லீசிங் கம்பனிகளில் இருந்தால் உங்கள் கதையே வேறு.

அக்காவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், அவவுக்கே உதவும். இங்கே எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் கடன் வரலாறு விமானம் ஏறாது. அங்கே போய் இறங்கும் ஆள் வெற்றுக் கோப்போடுதான் தொடங்குகிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் விலாசம் உறுதியாகும், அது பெரிய உதவி. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் அங்கே சட்டப்படி வசிக்கும் நம்மவர் பிரசாவுரிமை எடுக்கும் முன்பே வாக்காளராகப் பதியலாம். மருமகன் மூன்று வருடம் இதைத் தெரியாமல் இருந்தான். கனடாவில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு: அங்கே 300 முதல் 900 வரை புள்ளி. ஒரே வாகனக் கடனுக்காகச் சில நாட்களுக்குள் பல இடத்தில் விலை கேட்டால், புள்ளி போடும்போது பெரும்பாலும் அதை ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

சரி, களுதாவளைக்குத் திரும்புவோம். நாலு தடத்துக்குப் பயந்துகொண்டிருக்கும் ஆட்கள் உண்மையில் பயப்பட வேண்டிய இடங்கள் வேறு.

முதல் இடம் பிணை. நமது பக்கத்தில் பிணை நிற்பது கலியாண வீட்டுக்கு மொய் எழுதுவது போல ஆகிவிட்டது. மச்சான் கேட்டால் மறுக்க முடியாது, சக ஆசிரியர் கேட்டால் மறுக்க முடியாது. “சும்மா ஒரு கையெழுத்துத்தானே.” அந்தச் சும்மாக் கையெழுத்து உங்கள் அறிக்கையில் ஒரு கடனாக உட்கார்ந்திருக்கும். அவர் பிந்தினால் அந்தப் பிந்தலும் உங்கள் தாளில் வரும். நான் கண்ட மறுப்புகளில் கணிசமானவை, விண்ணப்பித்தவர் தன் கடனை ஒழுங்காகக் கட்டி, பிணை நின்ற கடனால் அகப்பட்டவை. பலருக்கு எங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது தெரியவரும். முகம் மாறும். “அவன் கட்டுறன் எண்டுதானே சொன்னான்” என்பார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வது குறைவு.

குழுக் கடனும் இதற்குச் சொந்தக்காரன். யுத்தம் முடிந்த பிறகு நுண்கடன் கம்பனிகள் இங்கே கிராமம் கிராமமாக இறங்கின. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பு. ஒரே வீட்டில் மூன்று கம்பனிப் புத்தகம் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். திங்கட்கிழமைக் கம்பனிக்குச் செவ்வாய்க்கிழமைக் கம்பனியில் எடுத்துக் கட்டுவது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது வரை அந்த நிலை போனது. கிறிப்புக்குத் தகவல் கொடுக்காத சிறிய கடன்காரர்களும் அதற்குள் நிறைய இருந்தார்கள். அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டில் கடன் இல்லை என்று அர்த்தமில்லை. பழைய உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நமது வருமானத்தின் காலக்கணக்கு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விசயம். பெரும்போகம் விதைப்பது ஐப்பசி கார்த்திகையில், காசு கையில் வருவது மாசி பங்குனியில். கடலுக்குப் போகிறவருக்கு வாடைக் காலத்தில் தோணி கரையில். ஆனால் லீசிங் தவணை மாதம் தவறாமல் வரும். அதனால் என்ன நடக்கிறது? மார்கழியில் ஒன்று பிந்தும், தையில் இரண்டு, மாசியில் மூன்று. பங்குனியில் நெல் விற்றதும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டுவார். அவருடைய மனதில் கணக்குச் சரி, ஒரு சதமும் கடன் இல்லை. அறிக்கையில் பார்த்தால் முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும். தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் அது செயற்படாக் கடன் என்ற வகைக்குப் போய்விடும். போடியார் (பெரிய வயல்காரர்) ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்: “வட்டியோட கட்டினன், இன்னும் என்ன கேக்கிறீங்க?” அவரிலும் பிழை இல்லை. கடன் எடுக்கும்போதே போகத்துக்குப் போகம் கட்டும் தவணையாகப் பேசியிருக்க வேண்டும். சில வங்கிகள் அதற்கு ஒத்துக்கொள்ளும், கேட்க வேண்டும். வெற்றிலைத் தோட்டத்தில் அடிக்கடி காசு புரளும் என்பதால் உங்களுக்கு மாதத் தவணை சரிவரும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பிழையான தகவல். எனக்கே நடந்தது. ஒரு கடனட்டையை மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன், அட்டையை வெட்டியும் கொடுத்தேன். அவர்கள் மூடவில்லை. வருடக் கட்டணம் ஏறியது, அதற்கு வட்டி ஏறியது, தண்டம் ஏறியது. கடன் உத்தியோகத்தராக இருந்துகொண்டு நானே என் அறிக்கையை நாலு வருடம் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்த அன்று தலை குனிந்தது. கடிதத்தின் பிரதி என்னிடம் இருந்ததால் தப்பினேன். ஆனாலும் திருத்தி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. கிறிப் தானாக எதையும் அழிக்காது. நீங்கள் முறைப்பாடு கொடுத்தால், தகவலைக் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பும், அது ஒத்துக்கொண்டு திருத்தி அனுப்பினால்தான் மாறும். ஆகவே ஒரு கடனை அடைத்தால் அடைத்ததற்கான கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடைத்த உடனே வேறிடத்தில் விண்ணப்பிப்பதானால் அந்தக் கடிதமும் கூடவே போக வேண்டும், ஏனென்றால் அறிக்கையில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

பிழைகளில் எங்கள் பகுதிக்கு என்றே ஒரு வகை உண்டு, பெயர். ஒரே ஆள் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. தகப்பன் பெயரை முழுதாக எழுதுவதா, முதலெழுத்தா என்பதும் ஆளுக்கு ஆள். இதோடு 2016இல் இருந்து 12 இலக்க அடையாள அட்டை வேறு வந்தது. பழைய 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் உள்ள அட்டையில் எடுத்த கடன் ஒரு பக்கம், புது இலக்கத்தில் எடுத்தது இன்னொரு பக்கம் என்று ஒரே ஆளின் வரலாறு துண்டாகக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். நல்ல வரலாறு பழைய இலக்கத்தில் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான். விண்ணப்பத்தில் இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். பணியகத்தின் இணையத்தளம் ஊடாக விண்ணப்பிக்கலாம், வங்கிக் கிளையில் கேட்டாலும் வழி சொல்வார்கள், சிறிய கட்டணம்தான். எடுத்து உட்கார்ந்து வாசியுங்கள். பிணை நின்ற பகுதியை முதலில் பாருங்கள். மறுகா பிந்திய நாட்கள். விசாரித்த தடம் கடைசி. அந்த நாலு பெயரில் நீங்கள் போகாத இடம் ஏதாவது இருந்தால், உங்கள் அடையாள அட்டைக் கொப்பி எங்கோ சுற்றுகிறது என்று அர்த்தம். அது புள்ளி இறங்குவதை விடப் பெரிய பிரச்சினை, அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

நாலு கம்பனிகளில் எந்த ஒன்று உங்களுக்குச் சரிவருகிறதோ அதோடு மட்டும் பேச்சைத் தொடருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள்தானே, இன்னொரு புதுத் தடம் தேவையில்லை. பதில் சொல்லாமல் இழுத்தால், நேரே கேளுங்கள்: “அறிக்கையில் என்ன தடங்கல்? வருமானச் சான்றா, பிணையாளியா, வாகனத்தின் வயதா?” பழைய வாகனம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வாகனத்தில்தான் இருக்கும், உங்களில் இருக்காது. இத்தனை வருடத்துக்கு முந்திய வாகனத்துக்குக் கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் “மேலிடத்தில் இருந்து பதில் வரவில்லை” என்று சுற்றவிடும் உத்தியோகத்தர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

இனிமேல் எங்காவது விலை மட்டும் கேட்கப் போனால், வாயால் கேளுங்கள். வாகனத்தின் வருடம், விலை, கையில் இருக்கும் முற்பணம், எத்தனை மாதம் என்று சொன்னால் தவணையை எந்த உத்தியோகத்தரும் அந்த இடத்திலேயே கல்குலேட்டரில் தட்டிச் சொல்வார். அதற்கு அடையாள அட்டைக் கொப்பி தேவையில்லை. கொப்பி கேட்டால், “தவணை சரிவந்தா பிறகு தாறன்” என்று சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் எதற்கு என்று வாசித்துப் பாருங்கள், விண்ணப்பப் படிவத்தின் அடியில் உங்கள் கடன் தகவலைப் பெறச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். வாகனக் கடைப் புரோக்கருக்குக் கொப்பியை வட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். ஏழு தடக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது காசு கொடுத்தால் கிறிப்பைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று வந்தால் கதவைச் சாத்துங்கள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இல்லை. போனில் செயலி வைத்து ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவர்களையும் இந்த நேரத்தில் கிட்ட எடுக்க வேண்டாம்.

அக்கா சொன்ன ஆறு மாதம் காத்திருப்பதைப் பற்றி: வாகனம் இல்லாமல் இப்போது கூலி லொறிக்குக் கொடுக்கும் காசைக் கணக்குப் பாருங்கள். அறிக்கை சுத்தமாக இருந்தால் நாலு தடத்துக்காக ஒரு கிழமைகூடக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பிந்தல் இருந்தால் ஆறு மாதம் சும்மா இருப்பதில் பயனில்லை, பிந்தியதைக் கட்டிவிட்டு ஆறு மாதம் தவறாமல் கட்டிக் காட்டினால் பயன் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆறு மாதம்தான்.

மனைவியின் பெயர். சட்டப்படி அவரும் ஒரு தனி ஆள், அவருக்கும் தனி அறிக்கை. போடலாம். ஆனால் கம்பனி வருமானம் கேட்கும், தோட்டம் உங்கள் பெயரில், சந்தைக் கணக்கு உங்கள் பெயரில். கடைசியில் உங்களையே பிணைக்குக் கூப்பிடுவார்கள், அதே அறிக்கையை அதே மேசையில் எடுப்பார்கள். அதோடு அவர் இருக்கும் குழுக் கடன் ஏதும் உண்டா என்று முதலில் வீட்டில் கேளுங்கள். கேட்கும்போது சத்தம் போடாமல் கேளுங்கள், என்னிடம் வந்த பல பேருக்கு அந்தப் பதிலை முதலில் சொன்னது கிறிப் தாள்தான், மனைவி இல்லை.